மயிலாத்தாள் நொச்சி

மணி ஒன்று முப்பத்தைந்து. மூன்று மணிக்கு வருகிறேன் மேடம், அந்த நொச்சியின் மூலத்தாளை மட்டும் பத்து நிமிடம் பார்த்தால் போதும் என்று ரோஸ்லின் எழுதியிருக்கிறாள். அவளுக்குப் பத்து நிமிடம் போதும், பதினோரு வருடமாக அதையே நினைத்துக்கொண்டிருக்கும் எனக்குத்தான் போதவில்லை. திருநெல்வேலிப் பெண், முப்பது வயது இருக்குமா, தமிழ்நாட்டு நொச்சிகள் அத்தனையையும் திரும்ப வகைப்படுத்துகிறாளாம், எந்த வகை நிற்கும் எந்த வகை நிற்காது என்று புத்தகம் போடப்போகிறாளாம், போடட்டும், யார் வேண்டாம் என்றது. கடிதத்தின் கடைசியில் ஒரு வரி, இலையின் மேற்பக்க ரோமம் பற்றி ஒரு சின்னச் சந்தேகம். சின்னச் சந்தேகம் என்று எழுதுகிறவர்களை எனக்குத் தெரியும், நானும் எழுதியிருக்கிறேன், ஒருவர் தலையில் பெரிய கல்லைப் போடுவதற்கு முன்னால்தான் அப்படி எழுதுவோம். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் டக் என்கிறது. போன மாதமே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொன்னேன், யாரும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. அந்துருண்டை வாசனை இன்று ஏனோ தொண்டைவரை இறங்குகிறது. தொண்ணூறாயிரம் காய்ந்த செடிகள் இந்த ஹாலில் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு கெட்டித் தாளில் தைத்து ஒட்டி, தாள்கள் உறைகளில், உறைகள் இரும்பு அலமாரிகளில். புதிதாக ஒரு பெயர் வைக்கிறவர் இந்தச் செடிக்குத்தான் வைத்தேன் என்று ஒரு தாளைச் சுட்டிக்காட்ட வேண்டும், அதுதான் மூலத்தாள், அதற்கு மட்டும் சிவப்பு உறை. என் மேஜையிலிருந்து அந்தச் சிவப்பு உறை இருக்கும் அலமாரிக்குப் பதினோரு எட்டு, எண்ணியிருக்கிறேன், இன்று காலையிலிருந்து நான்கு முறை எண்ணியிருக்கிறேன். இந்தத் தாள்களைத் தைக்கிற மயிலாத்தாக்கா டிபன்பாக்ஸ் கழுவப் போயிருக்கிறாள். கழுவிவிட்டு வேப்பமரத்தடியில் வெற்றிலை போட்டு, துப்பி, வாய் கொப்பளித்துவிட்டு வர இருபது நிமிடம் ஆகும். இருபது நிமிடத்தில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

நொச்சி. உலகத்தில் பாதி இடத்தில் இருக்கும் ஒரு செடிக்கு இவ்வளவு மனஉளைச்சல் தேவையா என்று யாராவது கேட்கலாம். ஆப்பிரிக்காவில் இருக்கிறது, பிலிப்பைன்ஸில் இருக்கிறது, எங்கள் வீட்டு வேலியில் இருந்தது. சளி பிடித்தால் அம்மா கொதிக்கிற தண்ணீரில் ஒரு கொத்து நொச்சியைப் போட்டுப் போர்வைக்குள் என் தலையை அமுக்குவாள். மூச்சு முட்டும், கண்ணில் நீர் கொட்டும், அந்தக் காரமான வாசனை மூக்கிலிருந்து மண்டைக்கு ஏறும்போது செத்துவிடுவேன் என்று நினைப்பேன், சாகவில்லை, சளிதான் போயிற்று. அப்போது அது வெறும் நொச்சி. படிக்க வந்த பிறகுதான் அது மூன்று இலை நொச்சி, ஐந்து இலை நொச்சி, விளிம்பில் பல் இருப்பது, இல்லாதது, அடி வெளுத்தது, நரம்பு சிவந்தது என்று பிரிந்து பிரிந்து போனது. எங்கள் துறையில் இரண்டு சாதி உண்டு, பிரிக்கிறவர்கள், சேர்க்கிறவர்கள். ஒரு மயிர் வித்தியாசம் கண்டால் பெயர் வைத்துவிடுவார்கள் பிரிக்கிறவர்கள். பத்துப் பெயர்களை ஒரே பெயருக்குக் கீழே தள்ளி மூடிவிடுவார்கள் சேர்க்கிறவர்கள். இளமையில் எல்லோரும் பிரிக்கிற கட்சிதான், வயதாக ஆகக் கட்சி மாறுவார்கள், கண் மங்குவதால் இருக்கலாம். ஒரு மயிர் வித்தியாசம் என்று சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, நான் வைத்த பெயர் மயிரில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. நொச்சி இலைக்கு அடிப்பக்கம் வெள்ளைப் பூனைமயிர் எப்போதும் உண்டு, மேற்பக்கம் மொழுமொழுவென்று பச்சையாக இருக்கும். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் கல்லுக்குழிப் பள்ளத்தில் நான் பார்த்த நொச்சிக்கு இரண்டு பக்கமும் மயிர், அடர்த்தியாக, மெத்தென்று, இலை முழுக்கச் சின்னச் சின்னப் புடைப்புகளோடு.

நான் பார்த்த என்று சொல்வது பொய். மயிலாத்தாக்காதான் பார்த்தாள். வழக்கமாக எங்களோடு வரும் ஆள் அன்று வரவில்லை, செடி அழுத்துகிற பலகையைத் தூக்க யாரும் இல்லை, தாளில் செடி தைத்துக்கொண்டிருந்தவளை வாங்கக்கா என்று ஜீப்பில் ஏற்றிக்கொண்டேன். மலைக்கு அதற்கு முன்னால் அவள் கோயிலுக்குத்தான் போயிருக்கிறாள், ஆராய்ச்சிக்குப் போனதில்லை. யானை வருமா, யானை வந்தால் என்ன செய்வது என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாள். பள்ளத்தில் தண்ணீர் கணுக்காலளவு போயிற்று. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அந்தக் கரையில் நின்று, இந்த நொச்சி என்னமோ வேற மாதிரி இருக்குதுங்க அம்மிணி, வெல்வெட்டாட்ட இருக்குது, தொட்டுப் பாருங்க என்றாள். தொட்டுப் பார்த்தேன். அந்தக் கரை முழுக்க அப்படித்தான், ஐம்பது அறுபது புதர்கள், எல்லாவற்றிலும் வெல்வெட். என் நெஞ்சு அடித்துக்கொண்டது இப்போதும் ஞாபகம் இருக்கிறது, முப்பது வயதில் ஒரு நெஞ்சு எதற்கெல்லாம் அடித்துக்கொள்கிறது பாருங்கள். இரண்டு கிளை ஒடித்து அழுத்தினோம். ஒன்று மழையில் பூஞ்சை பிடித்து வீணாயிற்று, மிஞ்சியது ஒன்று. அதைத் தைத்தவளும் அவள்தான், காம்பில் நான்கு தையல், இலைகளுக்குக் காகிதப் பட்டை, பசை ஒரு சொட்டு வெளியே வராமல். அந்த வேலையில் அவளுக்கு இணை இந்த மாநிலத்திலேயே இல்லை. இதை நான் நன்றிக்காகச் சொல்லவில்லை, ரோஸ்லினே தாளைப் பார்த்தால் சொல்வாள். பார்த்தால்.

நொச்சியின் இந்த வகைக்கு மயிலாத்தாளே என்று பெயர் வைத்தேன், பெண்களைக் கௌரவிக்கும்போது லத்தீனில் அப்படித்தான் முடிய வேண்டும், விதி. யாரோ கூப்பிடற மாதிரியே இருக்குதுங்க என்று அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு அழுதாள். அன்று சாயங்காலம் எல்லோருக்கும் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தாள், வாட்ச்மேனுக்கு இரண்டு. இருபத்தாறு வருடமாகத் தினக்கூலி, வருகைப் பதிவேட்டில்கூட அவள் பெயர் கிடையாது, தனி நோட்டில் எழுதுவார்கள், ஆனால் லண்டனில் இருக்கிறவன் நொச்சியைப் பற்றி எழுதினாலும் மயிலாத்தாள் என்று எழுத வேண்டும். பத்திரிகையில் வந்த அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் போய்க் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறாள், ஒரு பக்கம் பழனி முருகன், ஒரு பக்கம் மாசாணியம்மன், நடுவில் என் ஆங்கிலக் கட்டுரை. நான் போய்ப் பார்த்திருக்கிறேன், அவள் மகள் கல்யாணத்துக்கு. கல்யாணப் பத்திரிகையிலும் போட்டிருந்தார்கள், செடிக்குப் பெயர் தந்த திருமதி மயிலாத்தாள் என்று. சம்பந்தி வீட்டுப் பெரியவர் என்னிடம் வந்து, அந்தச் செடி எந்த வியாதிக்கு ஆகுமுங்க என்று கேட்டார், எல்லாவற்றுக்கும் ஆகும் என்று சொல்லிவிட்டு நான் சாப்பிடப் போனேன். பாயசத்தை இலையிலேயே விட்டுவிட்டு எழுந்தேன், ஏனென்றால் அது எட்டு வருடத்துக்கு முன்புதான், அதாவது எனக்குத் தெரிந்த பிறகு. சிவப்பு உறையின் மூலையில் ஒரு நாள் ஒரு பொட்டுக் குங்குமம் பார்த்தேன். உறையில் பென்சில் கோடுகூடப் போடக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சட்டம் பேசுகிறவள் நான். அன்று ஒன்றும் சொல்லாமல் அலமாரியை மூடினேன். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அது புதிதாக இருக்கும்.

ஒன்று நாற்பத்தாறு. தண்ணீர் குடித்தேன், தாகமில்லை. ஏழாம் வகுப்பில் நாங்கள் மூன்று இந்திராணிகள். ரெஜிஸ்டரில் இனிஷியல் வேறு வேறாகத்தான் இருந்தது, டீச்சருக்கு அதைச் சொல்லச் சோம்பல், குட்டை இந்திராணி, கண்ணாடி இந்திராணி, கறுப்பு இந்திராணி என்று பிரித்துவிட்டார். நான் எந்த வகை என்று சொல்லத் தேவையில்லை. வீட்டில் அழுதபோது அம்மா, கருநொச்சிக்குத்தான் கண்ணு மருந்துக் குணம் ஜாஸ்தி என்று சொன்னாள், அந்த ஆறுதலை நான் அவளுக்கு இன்றுவரை மன்னிக்கவில்லை. குட்டை இந்திராணி பத்தாம் வகுப்பில் என்னைவிட அரை அடி வளர்ந்துவிட்டாள். கண்ணாடி இந்திராணியை நான்கைந்து வருடத்துக்கு முன் பஸ்ஸில் பார்த்தேன், கண்ணாடி இல்லை, ஆபரேஷன் செய்துகொண்டாளாம். மூன்றில் இரண்டு அடையாளம் காற்றில் போயிற்று. இதைத்தான் மாணவர்களுக்கு மணிக்கணக்கில் கத்திக்கொண்டிருக்கிறேன், எது செடியோடு பிறந்த குணம், எது வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று பிரித்துப் பாருங்கள், நிழலில் வளர்ந்தால் இலை பெரிதாகும், ஆடு கடித்தால் கிளை குட்டையாகும், அதற்கெல்லாம் பெயர் வைத்தால் ஆட்டுக்குத்தான் பெயர் வைக்க வேண்டும் என்று. வகுப்பு சிரிக்கும். நானும் சிரிப்பேன். கண்ணாடி போட்ட பிள்ளைக்குக் கண்ணாடி இந்திராணி என்று பெயர் வைத்த டீச்சரைத் திட்டுகிற வாய், பூச்சி கடித்த நொச்சிக்குப் பெயர் வைத்தது.

பூச்சி. இப்போது சொல்லியாயிற்று, மனதுக்குள்தான் என்றாலும். பதினோரு வருடத்துக்கு முன் வேறு எதற்கோ அதே மலைக்குப் போனவள் கல்லுக்குழிப் பள்ளத்தில் இறங்கினேன், சும்மா, சொந்தக்காரர் வீட்டில் எட்டிப் பார்ப்பது மாதிரி. அதே கரை, அதே புதர்கள். இலை மேலே மொழுமொழுவென்று பச்சை. முதலில் இடம் மாறி வந்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்த வளைந்த பாறை இருந்தது, அவள் செருப்பை வைத்த பாறை. புதர் புதராக ஓடினேன், கடைசியில் ஓர் இலை கிடைத்தது, பாதி வெல்வெட், பாதி வழவழப்பு, ஒரே இலையில். வெல்வெட் புடைப்பைக் கீறி லென்ஸில் பார்த்தேன், கீறிய துணுக்கைக் கொண்டுவந்து அன்று ராத்திரியே மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன், கண்ணுக்குத் தெரியாத வெள்ளைப் புழு மாதிரி, நான்கு கால், அசைந்துகொண்டிருந்தது. ஈரியோபைட் சிலந்தி. பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னையெல்லாம் இளநீர் தழும்பேறிப் போனதே, அதைச் செய்த பூச்சியின் ஒன்றுவிட்ட தம்பி. இது கடித்தால் நொச்சி தாங்க முடியாமல் அந்த இடத்தில் மயிர் வளர்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான், ஒரு நோய், பருவத்துக்குப் பருவம் வரும் போகும். காய்ந்து அழுத்திய தாளில் பூச்சி செத்து உதிர்ந்து போயிருக்கும், மயிர் மட்டும் நிற்கும், தாளை மட்டும் பார்த்துப் பெயர் வைக்கிற எங்களைப் போன்றவர்களுக்கென்றே செய்த பொறி. நான் பெயர் வைத்த வருடம் ஊரில் டீக்கடையில்கூட ஈரியோபைட் என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள், தென்னைக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தார்கள், எனக்கு உறைக்கவில்லையே, ஏன் உறைக்கவில்லை. உறைக்க வேண்டாம் என்று இருந்தேனோ. மீதி இலையை அங்கேயே பள்ளத்தில் விட்டிருந்தேன், தண்ணீரில் போயிற்று. ஜீப்பில் திரும்பி வரும்போது டிரைவர் என்ன மேடம் பேசாம வர்றீங்க என்றார், தலைவலி என்றேன். மறுநாள் காலை மயிலாத்தாக்கா, நம்ம செடிய பாத்தீங்களா அம்மிணி, நல்லா இருக்குதுங்களா என்று கேட்டாள், நல்லாயிருக்குக்கா என்றேன், அதுவும் பொய் இல்லை, அந்தச் செடி முன்னைவிட நன்றாகத்தான் இருந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் இந்த வருடம் எழுதிவிடலாம் என்று நினைப்பேன். எங்கள் வழக்கம் சுலபமானது, தாளில் இருக்கும் பெயர் தப்பு என்றால் பழைய சீட்டைக் கிழிக்கக் கூடாது, அடிக்கக் கூடாது, மறைக்கக் கூடாது, பக்கத்தில் புதிய சீட்டில் சரியான பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு ஒட்ட வேண்டும். தப்பு செய்தவனும் திருத்தியவனும் அந்தத் தாளில் காலமெல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருப்பார்கள். நூறு வருடத்துக்கு முன்பு ஒரு வெள்ளைக்காரன் செய்த தப்புக்கு நான் சீட்டு ஒட்டியிருக்கிறேன், ஒட்டும்போது கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, அல்பம். ஆனால் என் தாளுக்குச் சீட்டு எழுதப் பேனாவை எடுத்தால் முருகனுக்கும் மாசாணியம்மனுக்கும் நடுவில் அந்தக் கண்ணாடிச் சட்டம் தெரியும். அவளுக்கு என்று இந்த உலகத்தில் அச்சடித்தது அது ஒன்றுதான். அதைப் பிடுங்க எனக்கு என்ன உரிமை. இப்படியே நினைத்துப் பதினோரு வருடம் நல்லவளாக இருந்தேன். நல்லவளா? அந்தப் பெயருக்குப் பின்னால் இன்னொரு பெயரும் அச்சில் இருக்கிறது, வைத்தவர் பெயரைக் கூடவே எழுத வேண்டும் என்பதும் விதி, மயிலாத்தாளே, இந்திராணி. யார் எழுதினாலும் இரண்டு பேரும் ஜோடியாகத்தான் போவோம். நான் வாழ்நாளில் வைத்த ஒரே பெயர். நாற்பது வயதில் எனக்கு இருந்த ஒரே பெருமை, ஐம்பத்திரண்டில் இருக்கிற ஒரே பயம். அவள் அழுவாள் என்று பயமா, ரோஸ்லின் சிரிப்பாள் என்று பயமா என்று கேட்டுப் பார்த்தால் ஒவ்வொரு நாள் ஒவ்வொரு பதில் வருகிறது. நேர்மையாகக் கேட்டால், வேண்டாம், இன்று நேர்மையாகக் கேட்க நேரமில்லை, மணி ஒன்று ஐம்பத்திரண்டு.

எழுந்துவிட்டேன். கால் தானாக நடக்கிறது, ஏழு, எட்டு, ஒன்பது. அலமாரிக் கதவு எப்போதும் கிரீச்சிடும், இன்று கிரீச்சிடவில்லை, அதற்கும் தெரியும் போல. சிவப்பு உறையைத் திறந்தேன். நான்கு தையல், காகிதப் பட்டை, வலது மூலையில் என் இளவயதுக் கையெழுத்து, எவ்வளவு பெரிதாகப் போட்டிருக்கிறேன். சிவப்பு உறை கண்ணில் படும், அதனால் தாளை மட்டும் எடுத்துக்கொண்டேன், வெறும் உறையை அதே இடத்தில் வைத்து மூடினேன். எதிர் வரிசையில் புற்கள், பதினைந்தாயிரம் தாள், புற்களைத் தேடி இங்கே யாரும் வருவதில்லை, எனக்கே புல் என்றால் கொட்டாவி. அறுகுக்கு அடுத்த உறையில் செருகினேன். தொண்ணூறாயிரத்தில் ஒரு தாள் தப்பான உறைக்குள் போனால் போனதுதான், நாங்கள் அதைக் காணவில்லை என்றுகூடச் சொல்வதில்லை, தேடிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்வோம், ஐம்பது வருடம் சொல்வோம். மூலத்தாள் இல்லாமல் ரோஸ்லினால் தீர்மானமாக எதுவும் எழுத முடியாது, சந்தேகத்துக்குரியது என்று ஒரு வரி போடுவாள், சந்தேகம் இருந்துவிட்டுப் போகட்டும், சந்தேகத்தோடு எத்தனை பேர் பிழைக்கிறார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தேன். முடிந்தது. இவ்வளவுதான், பதினோரு வருடத்துக்கு இவ்வளவுதான். கை வாசனை பார்த்தேன், அந்துருண்டை, அதற்கும் அடியில் மெல்லிசாக நொச்சி. இருபத்திரண்டு வருடம் காய்ந்த இலைக்கு வாசனை இருக்க முடியாது, பிரமை. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தேன், போகவில்லை.

மயிலாத்தாக்கா வந்துவிட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருக்கிறாள், கண்ணை இடுக்கிக்கொண்டு, மூன்றாவது முறையில் கோத்துவிட்டாள். இயக்குநர் முன்னால்கூட என்னை அம்மிணி என்றுதான் கூப்பிடுவாள். ஒரு தடவை அவர் முகத்தைச் சுளித்தார், அதற்கென்ன பண்ணறதுங்க, வந்தப்ப சின்னப் புள்ளையாட்ட இருந்தாங்க, அப்படியே வாயில வந்துருச்சு என்றாள். இன்று நல்ல சேலை கட்டியிருக்கிறாள். வெளியூர்க்காரம்மா யாரோ நம்ம செடியப் பாக்க வர்றாங்கன்னு சொன்னீங்கல்ல என்றாள், நான் கேட்காமலே. ஆமாக்கா என்றேன். தாள நான் எடுத்தாந்து குடுக்கட்டுங்களா என்றாள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வேண்டாம் என்றால் ஏன் என்பாள், எந்த மூலத்தாளாக இருந்தாலும் அவள்தானே எடுத்து வருவாள், இரண்டு கையிலும் ஏந்தி, வளையாமல், குழந்தையை வாங்கி வருகிற மாதிரி. இதை எப்படி யோசிக்காமல் விட்டேன், இலையை யோசித்தேன், பூச்சியை யோசித்தேன், ரோஸ்லினை யோசித்தேன், தாளை எடுக்கப் போகிற கையை யோசிக்கவில்லையே. இப்போதே போய் எடுத்து உள்ளே வைத்துவிடலாம், அவள் முகத்துக்கு நேரே புல் அலமாரிக்கு எப்படிப் போவது. டீ வாங்கி வரச் சொல்லி அனுப்பலாம். அக்கா, என்றேன். சொல்லுங்க அம்மிணி, என்றாள். மின்விசிறி டக். அதற்குள் வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம், மேடம் உள்ளே வரலாமா, சீக்கிரமே வந்துட்டேன், பஸ் உடனே கிடைச்சிருச்சு. மணி இரண்டு பத்துதான்.

ரோஸ்லின் நான் நினைத்த மாதிரி இல்லை. ஒல்லி, வியர்த்திருந்தாள், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே என் கட்டுரையைக் கல்லூரியில் படித்ததாகச் சொன்னாள், மயிலாத்தாளே என்ற பெயரைப் பார்த்துத்தான் இந்தத் துறைக்கு வந்ததாகவும், செடி தைக்கிறவங்க பேரை வைக்கிற ஒருத்தர் இருக்காங்களே என்று ஆச்சரியப்பட்டதாகவும். சும்மா சொல்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன், சும்மா இல்லை. இவங்கதான் அது என்று நான் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டாள். மயிலாத்தாக்காவுக்கு வெட்கம் தாங்கவில்லை, இருங்க கண்ணு எடுத்தாரேன் என்று அலமாரிக்குப் போனாள். பதினோரு எட்டு. கதவு இப்போது கிரீச்சிட்டது. நான் ரோஸ்லினிடம் ரயிலைப் பற்றி ஏதோ கேட்டேன், அவள் ஏதோ சொன்னாள். அலமாரிப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு தாள்கள் புரளும் சத்தம், ஒவ்வொன்றாக, பிறகு வேகமாக. இது வேறு மாதிரி முடியும் என்று நான் நினைத்திருந்தேனா, அவள் இல்லை என்று சொல்வாள், நான் ஐயோ என்பேன், தேடுவோம் என்பேன், இவ்வளவுதானே என் திட்டம், சின்னப் பிள்ளைத் திட்டம். அவள் வந்தாள். வெறும் சிவப்பு உறையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள், மூலையில் குங்குமம். "காணமுங்க அம்மிணி," என்றாள். "வெள்ளிக்கிழமைகூடப் பாத்தனுங்க. நான் எங்கயோ மாத்தி வெச்சுட்டேன் போலிருக்குது." இருபத்தாறு வருடத்தில் ஒரு தாளைத் தொலைத்ததில்லை இவள். ரோஸ்லின் பரவாயில்லக்கா என்றாள், அது இன்னும் மோசமாயிற்று. மயிலாத்தாக்கா தரையில் உட்கார்ந்து கீழ்த் தட்டிலிருந்து எல்லா உறைகளையும் இழுத்துப் போட ஆரம்பித்தாள், நல்ல சேலையோடு, என் கண்ணு மங்கிப் போச்சுங்க, ஊசியே கோக்க முடியறதில்லீங்க, எனக்கே தெரியாம எங்கயோ வெச்சிருப்பேன் என்று சொல்லிக்கொண்டே. பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பியவள் நான்.

எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை, இன்று முதல் முறையாகப் பார்க்கவில்லை. எழுந்தேன், எதிர் வரிசைக்குப் போனேன், அறுகுக்கு அடுத்த உறையை ஒரே இழுப்பில் எடுத்தேன், தேடுவது போல நடிக்கக்கூட முடியவில்லை, கை நேராகப் போயிற்று. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாளை மேஜையில் வைத்தேன். "நீங்க மாத்தி வெக்கல அக்கா. நான்தான் ஒளிச்சு வெச்சேன்." ரோஸ்லின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், நல்ல பெண். மயிலாத்தாக்கா தரையிலிருந்து எழவில்லை. ஏன் என்று கேட்பாள் என்று இருந்தேன், கேட்கவில்லை, அதனால் நானே சொன்னேன், பள்ளத்தை, பாதி இலையை, பூச்சியை, பதினோரு வருடத்தை. கோர்வையாக வரவில்லை. தென்னைக்கு வந்துச்சே அந்த மாதிரிப் பூச்சிங்களா என்று ஒரு இடத்தில் மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். அப்ப அது வேற செடி இல்லீங்களா என்றாள். அதே நொச்சிதான்கா என்றேன். விரலால் தரையைத் தேய்த்தாள். "நாந்தான தொட்டுப் பாருங்கன்னு காட்டுனேன்," என்றாள். "நான் தப்பாக் காட்டிட்டனுங்களா?" இதற்கு நான் தயாராக இல்லை. இல்லை அக்கா, நீங்க காட்டினது சரி, வேற மாதிரிதான் இருந்துச்சு, பேர் வெச்சதுதான் தப்பு, அது என் தப்பு என்று சொல்லும்போது என் குரல் உடைந்து, அசிங்கமாக, வந்தவள் முன்னால் அழுதேன்.

சீட்டு எழுதினேன். நொச்சி, தனி வகை அல்ல, ரோமம் பூச்சியால் வந்தது, கீழே என் கையெழுத்து, தேதி. கையெழுத்து சின்னதாக வந்தது. ரோஸ்லின் தாளை லென்ஸில் பார்த்தாள், பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பேரை அழிக்க முடியாதுக்கா, நொச்சிக்குக் கீழ சின்ன எழுத்துல எப்பவும் போட்டாகணும், தாளும் சிவப்பு உறையிலேயேதான் இருக்கும், அதுதான் விதி என்று அவள் மயிலாத்தாக்காவிடம் சொன்னது உண்மைதான், நானே சொல்லியிருக்க வேண்டியது. மயிலாத்தாக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து, பசைக் கிண்ணத்தையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு என் மேஜைக்கே வந்து உட்கார்ந்தாள். சீட்டை என் கையிலிருந்து வாங்கினாள். நான் ஒட்டிக்கறேன்கா என்றேன், அவள் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. நான்கு ஓரத்திலும் பசை தடவி, பழைய சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு விரற்கடை இடம் விட்டு, அதன் ஓர் எழுத்துகூட மறையாமல் நேராக ஒட்டினாள். கட்டைவிரலால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவினாள். இரண்டு சீட்டிலும் என் பெயர்தான், ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக. ஈரம் காயும்வரை ஊதினாள். சிவப்பு உறைக்குள் தாளை வைத்து மூடினாள். மூலையிலிருந்த குங்குமத்தை முந்தானையால் துடைத்தாள். சிவப்பில் சிவப்பு, போயிற்றா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை, அவள் இன்னொரு தடவை துடைத்தாள். உறையை அலமாரியில் வைத்துவிட்டு, தரையில் இழுத்துப் போட்டதையெல்லாம் வரிசை மாறாமல் அடுக்கிவிட்டு, வந்து எனக்கு முன்னால் நின்றாள்.

"அடுத்து எந்தத் தாளுங்க எடுத்தாரட்டும், மேடம்?"